'தி விட்சர் 4' வருவதற்கு முன் எதிர்பார்ப்பை அளந்து வைத்துக்கொள்வது எப்படி?

ஒரு விளையாட்டின் அடுத்த பாகத்துக்காக நீண்ட காலம் காத்திருப்பவர்களின் மனத்துக்குள், அது வெளிவருவதற்கு முன்பே வேறொரு விளையாட்டு உருவாகிவிடுகிறது. பிறகு கைக்கு வருகிற உண்மையான விளையாட்டு, அந்தக் கற்பனையோடு மோதித் தோற்றுப்போகிறது. அரக்கர்களை வேட்டையாடும் விட்சர்களைப் பற்றிய, சிடி ப்ராஜெக்ட் நிறுவனத்தின் 'தி விட்சர் 3' வெளியானது 2015 மே 19 அன்று. அதற்கு அடுத்த பெரிய பாகத்தின் முன்னோட்டம் 2024 டிசம்பரில்தான் காட்டப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் சேர்ந்த ஆசைகளிலிருந்து நமக்குத் தெரிந்த செய்திகளைப் பிரித்தெடுப்பதற்கும், இருக்கிற நேரத்தைப் பயனுள்ள வகையில் செலவிடுவதற்குமான வழிமுறை இது. மூன்றாம் பாகத்தின் முடிவுகளைப் பற்றியும் பேச வேண்டியிருப்பதால், அதை இன்னும் முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

முதலில், காதில் விழுகிற ஒவ்வொரு செய்தியையும் மூன்றில் ஒரு கூடையில் போட்டுப் பழகுங்கள். நிறுவனமே உறுதியாகச் சொன்னது ஒன்று, திரையில் ஓடிக் காட்டியது இன்னொன்று, ரசிகர்கள் ஊகித்தது மற்றொன்று. முதல் கூடையில் இன்று இருப்பவை குறைவுதான், ஆனால் கனமானவை. முந்தைய பாகங்களின் நாயகன் கெரால்ட்டின் இடத்தில் அவனது வளர்ப்பு மகள் சிரி முதன்மைப் பாத்திரமாகிறாள். இது புதியதொரு முக்கதைத் தொடரின் முதல் பாகம். நிறுவனம் விளையாட்டை உருவாக்கும் தன் சொந்த மென்பொருளான ரெட்எஞ்சினை விட்டுவிட்டு அன்ரியல் எஞ்சின் 5-க்கு மாறியிருக்கிறது. முழு அளவிலான தயாரிப்பு 2024 நவம்பரில் தொடங்கியது. 2026 இறுதிக்குள் விளையாட்டை வெளியிடும் திட்டம் இல்லை என்று 2025 மார்ச்சில் சிடி ப்ராஜெக்ட் தன் முதலீட்டாளர்களிடம் தெரிவித்தது. இணையத்தில் உலவும் மற்ற தேதிகள் எல்லாம் மூன்றாம் கூடைக்கு உரியவை.

அடுத்து, முன்னோட்டத்தைப் பார்க்கும் முறை. ஏறத்தாழ ஆறு நிமிடம் ஓடும் அந்தக் காட்சி முன்கூட்டியே தயாரிக்கப்பட்ட படம். அதில் யாரும் கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடித்து விளையாடவில்லை. ஆகவே சிரியின் முகத்தில் தெரியும் தோல் நுணுக்கங்களையோ காட்டின் அடர்த்தியையோ பார்த்து மயங்குவதில் பயனில்லை. 2013-இல் காட்டப்பட்ட 'விட்சர் 3' காட்சிகளையும் 2015-இல் வெளியான விளையாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வரைகலைத் தரம் குறைந்துவிட்டதாக எழுந்த சச்சரவு பலருக்கும் நினைவிருக்கும். முன்னோட்டத்தில் நாம் தேட வேண்டியவை விளையாடும் முறையை மாற்றக்கூடிய அடையாளங்கள்தாம்.

அப்படித் தேடினால் நிறையக் கிடைக்கிறது. மூன்றாம் பாகத்தில் நாம் சிரியாக விளையாடிய சிறு பகுதிகளில் அவளுக்கு விட்சர்களின் மந்திரச் சைகைகள் கிடையாது. கண்ணிமைக்கும் நேரத்தில் ஓரிடத்திலிருந்து மறைந்து இன்னோரிடத்தில் தோன்றி வெட்டும் ஆற்றலை மட்டும் நம்பியே சண்டையிட்டாள். முன்னோட்டத்தில் காணும் சிரியோ மருந்துக் குப்பியைக் குடிக்கிறாள், மந்திரத்தைப் பயன்படுத்துகிறாள், வாளோடு ஒரு சங்கிலியையும் ஆயுதமாகச் சுழற்றுகிறாள். விட்சராக மாற்றும் மூலிகைச் சோதனையை அவள் கடந்துவிட்டாள் என்பதைத் தயாரிப்பாளர்களும் உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். அவளது பழைய ஆற்றலின் கதி என்ன என்பதைவிட, எதிரியை எட்ட நின்று தாக்கவும் இழுக்கவும் உதவும் அந்தச் சங்கிலி சண்டையின் தாளத்தையே மாற்றிவிடக்கூடும் என்பதுதான் என்னை அதிகம் ஈர்க்கிறது. கதையின் போக்குக்கும் அங்கே ஒரு சான்று இருக்கிறது: பலியாக அனுப்பப்பட்ட பெண்ணைக் காப்பாற்றச் சிரி அரக்கனைக் கொன்றுவிட்டுத் திரும்பும்போது, அந்தப் பெண் ஊராராலேயே கொல்லப்பட்டுக் கிடக்கிறாள். நல்லது செய்தால் நல்லதே விளையும் என்று உறுதி தராத பழைய எழுத்துமுறை கைவிடப்படவில்லை என்று இதிலிருந்து எதிர்பார்க்கலாம்.

2025 ஜூனில் அன்ரியல் விழாவில் காட்டப்பட்ட காட்சியை இதிலிருந்து வேறாக மதிப்பிட வேண்டும். அது சாதாரண பிளேஸ்டேஷன் 5-இல், ஒளியின் போக்கைக் கணக்கிட்டுக் காட்டும் ஒளிக்கதிர்த் தொழில்நுட்பத்துடன் (ரே டிரேசிங்), நொடிக்கு 60 பிரேம் வேகத்தில் உண்மையாகவே ஓடியது. சிரி தன் குதிரை கெல்பியின் மீதேறி மலைப்பாதையைக் கடந்து, கோவிர் நாட்டின் வால்ட்ரெஸ்ட் என்ற துறைமுக ஊரின் நெரிசலான சந்தைக்குள் நுழைவது அதில் வருகிறது. இருந்தாலும் அது தொழில்நுட்பத்தின் செயல்விளக்கமே தவிர, விளையாட்டின் ஒரு பகுதி அன்று என்று தயாரிப்பாளர்களே சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு மட்டும் வரலாம். கோவிர் நாம் இதுவரை காலடி வைக்காத நிலம். மூன்றாம் பாகத்தில் நோவிகிராட் நகரத்திலிருந்து மந்திரவாதிகளைக் கப்பலேற்றித் தப்பவைத்தது அந்த நாட்டுக்குத்தான். மேலும், அன்ரியல் 5-இல் எழுதப்பட்ட பல திறந்தவெளி விளையாட்டுகளில் புதிய பகுதிக்குள் நுழையும்போது ஏற்படும் திக்கித் திணறலைக் குறைப்பதில் எஞ்சின் தயாரிப்பாளர்களும் இவர்களும் சேர்ந்தே உழைத்துவருகிறார்கள். அந்த 60 பிரேமை வெளியீட்டு நாளின் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதே காரணத்தால், இந்த ஒரு விளையாட்டுக்காக இப்போதே கிராபிக்ஸ் கார்டு வாங்குவது வீண் செலவு. தேவையான கணினித் திறன் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்படும் வரை பொறுத்திருங்கள். முன்பதிவையும் அப்படியே தள்ளிப்போடுங்கள். இதே நிறுவனத்தின் 'சைபர்பங்க் 2077' 2020 டிசம்பர் 10 அன்று வந்தபோது, வெளியீட்டுக்கு முன் வந்த விமர்சனங்கள் கணினிப் பதிப்பை மட்டும் விளையாடி எழுதப்பட்டவை. பழைய கன்சோல்களில் அது எவ்வளவு மோசமாக ஓடியது என்பது வாங்கிய பிறகே தெரிந்தது. எட்டே நாளில் பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்து அது நீக்கப்பட்டு, அடுத்த ஆண்டு ஜூனில்தான் திரும்பியது. உங்களிடம் இருக்கும் அதே கருவியில் விளையாடிப் பார்த்து எழுதப்பட்ட விமர்சனம் வந்த பிறகே பணம் கட்டுவது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுப்பது பெரிய காரியமன்று.

காத்திருக்கும் காலத்தில் செய்யத்தக்க உருப்படியான வேலை, மூன்றாம் பாகத்தைச் சிரியின் பக்கமிருந்து மறுபடி விளையாடுவது. முழுவதையும் தொடக்கத்திலிருந்து ஆட வேண்டியதில்லை. வெலன் காட்டில் கிரெட்கா என்ற சிறுமியோடு சிரி நடக்கும் பகுதியை மட்டும் நிதானமாக ஆடுங்கள்; காட்டில் விடப்பட்ட குழந்தை, ஓநாய்க்கூட்டம், அவற்றுக்குத் தலைமை தாங்கும் ஓநாய்மனிதன் என அது நகரும் விதத்தைப் பார்த்தால், புதிய முன்னோட்டத்தின் விதை அங்கேயே இருப்பது புரியும்.

அதன் பிறகு, மூடுபனித் தீவுக்குப் புறப்படுவதற்கு முன் விளையாட்டே ஓர் எச்சரிக்கை தரும். அந்த இடத்தில் தனியாக ஒரு சேவ் (அதுவரை ஆடியதன் பதிவு) எடுத்து வைத்துக்கொண்டு தொடருங்கள். சிரியின் கதை மூன்று விதமாக முடியலாம்: அவள் விட்சராகலாம், பேரரசியாகலாம், திரும்பி வராமலே போகலாம். நான்காம் பாகத்துக்கு இசைவானது முதல் முடிவு. அதை அடைவதற்குச் சண்டைத்திறனைவிட வளர்ப்புத் தந்தையின் பொறுமையே தேவைப்படுகிறது. விட்சர்களின் கோட்டையான கேர் மோர்ஹெனில் நடக்கும் போருக்குப் பின் துவண்டிருக்கும் அவளோடு பனிப்பந்து எறிந்து விளையாடுங்கள். பேரரசரிடம் அழைத்துப் போகாமல் நேராக வெலனுக்குச் செல்லுங்கள். சூனியக்காரிகளின் சந்திப்புக்கு அவளைத் தனியே அனுப்புங்கள். அவள் ஆத்திரத்தில் அவளுக்கு வழிகாட்டும் எல்ஃப் அறிஞர் அவலாக்கின் ஆய்வகத்தை உடைக்க விரும்பினால் தடுக்காதீர்கள். அவளுக்கு உதவிய ஷால் என்ற இளைஞனின் கல்லறைக்குக் கூடவே போங்கள். இவற்றில் எதுவும் திரையில் மதிப்பெண்ணாகத் தெரியாது. கடைசிக் காட்சியில்தான் விளைவு தெரியும். வொய்ட் ஆர்ச்சர்ட் என்ற ஊரின் சத்திரத்தில், தான் செய்வித்த வெள்ளி வாளைக் கெரால்ட் அவளிடம் நீட்டுகிற காட்சி வந்தால் சரியான முடிவை எட்டிவிட்டீர்கள் என்று பொருள். அந்த சேவ் பதிவையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாகத்தின் சேவ்களைக் கணினியில் வைத்திருந்தவர்கள் தங்கள் முடிவுகளை மூன்றாம் பாகத்துக்குள் கொண்டுவர முடிந்தது, மற்றவர்கள் விசீமா அரண்மனையில் ஓர் அதிகாரியின் கேள்விகளுக்கு விடைசொல்லி அந்த முடிவுகளை நிரப்ப வேண்டியிருந்தது.