பழைய சினிமா ரீல் என்ன ரகம்? ஓட்டாமலே கண்டுபிடிக்கும் முறை

பழைய சினிமா ரீல் கைக்கு வந்ததும் யாருக்கும் வரும் முதல் ஆசை, ஒரு தடவை திரையில் ஓட்டிப் பார்ப்பது. தயவுசெய்து வேண்டாம். பல வருஷம் தகரப் பெட்டிக்குள் கிடந்த பிலிம் சுருங்கியிருக்கும். ஓட்டைகளுக்கு இடையிலான தூரம் குறைந்துபோன பிலிமைப் புரொஜக்டரின் பல்சக்கரத்தில் மாட்டினால் ஓரம் நெடுகக் கிழிந்துகொண்டே போகும். அது எந்தக் காலத்து பிலிம், எந்த அளவு, திரையில் எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கும் என்பதையெல்லாம் ஓட்டாமலே சொல்லிவிடலாம். பெட்டி மேல் ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் நம்பாதீர்கள். ஊர் ஊராகச் சுற்றிய பெட்டிகள் அவை. உள்ளே இருப்பது வேறு படமாக இருக்கும். பிலிமின் ஓரம்தான் உண்மையைச் சொல்லும்.

மூடிப்போன ஒரு டாக்கீஸிலிருந்து வந்த பெட்டிகளைப் பிரித்து வகைப்படுத்தியபோது நான் கையாண்ட முறை இது.

தேவையானவை

பருத்திக் கையுறை, ஸ்கேல், 10 மடங்கு பெரிதாக்கும் லூப், வெளிச்சப் பலகை. லூப் என்றால் நகைக்கடையில் கல் பார்க்க வைத்திருப்பார்களே, அந்த வகையே போதும். கம்ப்யூட்டரில் மாட்டும் மைக்ரோஸ்கோப் வாங்காதீர்கள். பார்க்கும் பரப்பு சுருங்கிவிடுவதால் ஓரத்து எழுத்தைத் தேடியே பொழுது போய்விடும். வெளிச்சத்துக்குச் செல்போன் திரையை வெள்ளையாக்கி மேலே பிலிமை வைக்கச் சொல்வார்கள். லூப்பில் பார்த்தால் திரையின் புள்ளிகளும் சேர்ந்து தெரியும், பிலிமின் கிரெயின் (படத்தை உருவாக்கும் நுண்துகள்) எது, திரையின் புள்ளி எது என்று பிரிக்க முடியாது. படம் டிரேஸ் பண்ண விற்கும் எல்.இ.டி. பலகைதான் என் சிபாரிசு.

1. முதலில் முகருங்கள்

காற்றோட்டமான இடத்தில் பெட்டியைத் திறங்கள். வினிகர் வாடை வந்தால் அது எளிதில் தீப்பிடிக்காத அசிட்டேட் ரகப் பிலிம், சிதையத் தொடங்கிவிட்டது (இதைத்தான் வினிகர் நோய் என்பார்கள்). அந்த ரீலை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள், வெளியேறும் அமிலம் பக்கத்து ரீல்களையும் கெடுக்கும்.

சுற்றுகள் பிசுபிசுவென ஒட்டியிருந்தாலோ, தேன் நிறத்தில் நுரை கட்டியிருந்தாலோ, பழுப்புப் பொடி உதிர்ந்தாலோ அது எளிதில் தீப்பிடிக்கும் பழைய ரகமான நைட்ரேட், சிதைந்த நிலையில் இருக்கலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நைட்ரேட் எரியும்போது தேவையான ஆக்சிஜனைத் தானே வெளியிடும், தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. ஒரு துண்டு வெட்டிக் கொளுத்திப் பார்க்கச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

2. அகலமும் ஓட்டைகளும்

ஸ்கேலை வைத்தால் 16, 35, 70 எம்.எம். எதுவென்று தெரிந்துவிடும். 35-ல் ஒரு ஃபிரேமுக்குப் பக்கத்துக்கு 4 ஓட்டை. வழக்கமான 70-ல் 5. ஐமாக்ஸ் என்றால் படம் பிலிமில் படுக்கையாக இருக்கும், ஒரு ஃபிரேமுக்கு 15 ஓட்டை. 70 எம்.எம். பிரிண்டில் (தியேட்டரில் ஓட்டும் நகலில்) ஓட்டைகளுக்கு வெளியே இரண்டும் உள்ளே இரண்டுமாகப் பழுப்புப் பட்டைகள் தெரிந்தால் அவை காந்த ஒலித்தடங்கள்: வெளிப்பட்டைகளில் இரண்டிரண்டு, உள்பட்டைகளில் ஒவ்வொன்று, மொத்தம் 6 டிராக். கேமராவில் ஓடும் நெகட்டிவ் 65 எம்.எம்.தான். மிச்சம் 5 எம்.எம். இந்த ஒலிக்காகவே சேர்ந்தது.

3. ஓரத்து எழுத்து

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஓட்டைகளை ஒட்டிய விளிம்பில் ஆங்கிலத்தில் பெயரும் குறிகளும் இருக்கும். ஈஸ்ட்மேன், கோடக் என்பது பிலிம் செய்த நிறுவனம். 'சேஃப்டி' (எளிதில் தீப்பிடிக்காதது, அசிட்டேட் போல) அல்லது 'நைட்ரேட்' என்பது ரகம். கோடக் நைட்ரேட் தயாரிப்பை 1950-களின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டது. பக்கத்தில் சின்ன வட்டம், சதுரம், முக்கோணம் இருந்தால் அது கோடக்கின் ஆண்டுக் குறி. வட்டம் 1916, சதுரம் 1917, முக்கோணம் 1918. அதன் பிறகு குறிகளைச் சேர்த்துச் சேர்த்துப் போட்டார்கள். 20 வருஷத்துக்கு ஒருமுறை வரிசை திரும்பவும் முதலிலிருந்து வரும். ஆக, ஒற்றை முக்கோணம் என்றால் 1918, 1938, 1958, 1978 நான்கில் எதுவாகவும் இருக்கலாம்.

எதுவென்று முடிவு செய்வது எப்படி? மற்றத் தடயங்களை வைத்துத்தான். முக்கோணம் போட்ட ஒரு தமிழ்ப் படத்தின் ரீலில் முகங்கள் ஒல்லியாக, நெட்டுக்கு இழுத்ததுபோல் இருந்தால் அது சினிமாஸ்கோப், அதாவது அகலத் திரைக்காகப் படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதித்தது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ராஜராஜ சோழன் வந்தது 1973-ல். அப்படியானால் 1958-க்கு வாய்ப்பே இல்லை, அது 1978-ல் செய்த பிலிம். இது பிலிம் தயாரான ஆண்டு, படம் வெளியான ஆண்டு அல்ல என்பதையும் மறக்காதீர்கள்.

இனிதான் முக்கியமான சிக்கல். ஒரே விளிம்பில் இரண்டு விதமான குறிகள் இருக்கும். சில ரீல்களில் 'நைட்ரேட்', 'சேஃப்டி' இரண்டுமே இருக்கும். எதை நம்புவது?

எழுத்தின் நிறத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் அந்த எழுத்தை ஒளியால் பதிக்கிறார்கள், கழுவும்போது அது கறுப்பாக வெளிப்படும். எனவே பிரிண்டில் வெளிறிய விளிம்பில் கறுப்பு எழுத்து இருந்தால் அது உங்கள் கையிலுள்ள பிலிமின் சொந்த எழுத்து. நெகட்டிவிலும் எழுத்து கறுப்புதான். ஆனால் அதை வைத்துப் பிரிண்ட் போடும்போது அந்தக் கறுப்பு ஒளியை மறைக்க, பிரிண்டில் கறுப்பு விளிம்பில் வெள்ளை எழுத்தாக வந்து விழும். அதாவது வெள்ளை எழுத்து நெகட்டிவுடையது. வெள்ளையில் 'நைட்ரேட்', கறுப்பில் 'சேஃப்டி' என்றால், நைட்ரேட் நெகட்டிவிலிருந்து பின்னாளில் சேஃப்டி பிலிமில் எடுத்த பிரிண்ட். பயப்பட வேண்டாம்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. நகலின் நகலாக இருந்தால் வெள்ளை மறுபடியும் கறுப்பாகிவிடும். அப்போது எழுத்தின் கூர்மையைப் பாருங்கள். சொந்த எழுத்து லூப்பில் கத்தரித்த மாதிரி இருக்கும், நகலான எழுத்தின் ஓரம் மசங்கலாக இருக்கும்.

வட்டமும் சதுரமும் கோடக்குக்கு மட்டும்தான் பொருந்தும். கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோ, ஜப்பானின் ஃபியூஜி, ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' போன்றவற்றில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

4. அசிட்டேட்டா, பாலியெஸ்டரா?

ரீலைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். சுற்றுகளின் வழியே ஒளி ஊடுருவி வந்தால் பாலியெஸ்டர். இருட்டாக இருந்தால் அசிட்டேட்டோ நைட்ரேட்டோ. பாலியெஸ்டர் வினிகர் நோய்க்கு ஆளாகாது.

5. திரையில் எப்படி இருந்திருக்கும்?

70 எம்.எம். ஃபிரேமின் பரப்பு 35 எம்.எம். ஸ்கோப் ஃபிரேமைப் போல ஏறக்குறைய 3 மடங்கு. அதே திரைக்குப் பெரிதாக்க வேண்டிய அளவு குறைகிறது, ஒளி கூடுதலாகப் போகிறது, கிரெயின் கண்ணில் படாமல் கரைகிறது. ஆனால் 70 எம்.எம். பிரிண்ட் எல்லாமே 65 எம்.எம். கேமராவில் எடுத்தவை அல்ல. 1975-ல் வந்த ஷோலே 35 எம்.எம்.-ல் எடுத்து 70-க்குப் பெரிதாக்கியதுதான். பெரிதாக்கிய பிரிண்டை லூப்பில் பாருங்கள்: தூரத்து முகங்களில் கண், மூக்கு பிரிவதற்கு முன்பே கிரெயின் பெரிதாகத் தெரியும். 65-ல் எடுத்ததில் கூட்டத்தின் கடைசி வரிசையிலும் முகம் முகமாக இருக்கும். பெரிதாக்கியதைப் போலி என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நெகட்டிவில் இல்லாத நுணுக்கம் வராதே தவிர, கூடுதல் வெளிச்சமும் 6 டிராக் ஒலியும் அசலானவை.

நிறத்தையும் கவனியுங்கள். முழுப் படமும் ரோஸ் நிறமாக இருந்தால் அது பெரும்பாலும் 1980-களுக்கு முந்தைய ஈஸ்ட்மேன் கலர் பிரிண்ட். அதன் சயான் (நீலப்பச்சை) சாயம்தான் முதலில் வெளுக்கும், மிஞ்சுவது சிவப்பு. ஓட்டைகளுக்கு நடுவே புள்ளிக் கட்டங்கள் தெரிந்தால் அது டால்பி டிஜிட்டல் ஒலித்தடம். அது 1992-ல்தான் வந்தது.

6. அடுத்து என்ன?

பரணில் வைக்காதீர்கள். வீட்டிலேயே குளிர்ந்த, ஈரமில்லாத அறை எதுவோ அங்கே படுக்கையாக வையுங்கள். தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டாம். காந்தப் பட்டை உள்ள 70 எம்.எம். அசிட்டேட் பிரிண்டுக்கு முன்னுரிமை கொடுங்கள், பட்டையிலுள்ள இரும்பு ஆக்சைடு வினிகர் நோயை விரைவுபடுத்தும். நைட்ரேட்டோ அரிய படமோ என்று பட்டால் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கோ மும்பையின் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷனுக்கோ, ஓரத்து எழுத்தின் படங்களோடு எழுதுங்கள். பழைய சாமான் கடைக்கு மட்டும் வேண்டாம். வெள்ளியைப் பிரித்தெடுக்கவென்றே கறுப்பு வெள்ளை ரீல்களை உருக்கிய வழக்கம் நம் நாட்டில் எத்தனையோ படங்களை அழித்திருக்கிறது.

பின்சேர்க்கை: ரீலின் முதல் சில அடிகளில் 'சேஃப்டி' என்றும் உள்ளே 'நைட்ரேட்' என்றும் கறுப்பு எழுத்திலேயே இருப்பதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். முன்னால் இருப்பது லீடர், அதாவது படம் தொடங்குமுன் புரொஜக்டரில் மாட்ட வைக்கும் பிலிம். அது தேய்ந்துபோனால் ஆப்பரேட்டர்கள் புதிதாக வெட்டி ஒட்டுவார்கள். ஆகவே ஓரத்தைப் படிக்கும்போது முதலில் ஒட்டிய இடத்தைத் தாண்டி, படம் தொடங்கிய பிறகும் படியுங்கள். நடுவில் ஒட்டு வரும் இடங்களில் இரு பக்கமும் பாருங்கள். உள்ளே நைட்ரேட் இருந்தால் முழு ரீலையும் நைட்ரேட்டாகவே நடத்துங்கள்.