புதுச்சேரிப் பழைய வீட்டின் பின்கட்டில் அடுக்குமாடி எழுப்பும்போது

திண்ணை, தாழ்வாரம், முற்றம் உள்ள முன்கட்டை இடிக்காமல் பழுதுபார்த்து, புது வீடுகளைப் பின்கட்டில் எழுப்புங்கள். தெருவின் முகம் மாறாது. புதுத் தளத்தின் பாரம் பழைய சுவரில் ஏறக்கூடாது. தனித் தூண், தனி அஸ்திவாரம், பழைய சுவருக்கும் புதுக் கட்டடத்துக்கும் நடுவே சுமார் 50 மி.மீ. இடைவெளி.

பழைய அஸ்திவாரத்தை ஒட்டி நீளப் பள்ளம் தோண்டினால் சுவர் இறங்கும். ஒரு மீட்டர் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்று தோண்டி நிரப்புங்கள். மண்ணுக்குள் அடித்து இறக்கும் அஸ்திவாரத் தூண் (பைல்) வேண்டவே வேண்டாம். பழைய சுவரில் விரிசல் இருந்தால், அதன் குறுக்கே கண்ணாடிச் சில்லைச் சாந்தில் பதியுங்கள். அது உடைந்தால் சுவர் நகர்கிறது, வேலையை நிறுத்துங்கள்.

பூச்சில்தான் பலரும் சொதப்புகிறார்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து உதிரும். அதனால் பூச்சுக்கு 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு மணல். ஒவ்வொரு பூச்சும் நிதானமாகக் காயட்டும்.