எழுதியவரே பாடும் இரவு: புளூபேர்டில் செய்யக்கூடாதவை

டாக்சியிலிருந்து இறங்கியதும் என் மைத்துனர் கேட்டார்: "மாப்பிள்ளை, முகவரியைச் சரியாகத்தான் கொடுத்தீர்களா? இது முடிவெட்டும் கடை வரிசை மாதிரி அல்லவா இருக்கிறது!" அவரைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பாட்டு கேட்கப் போகிறோம் என்றால், விளக்குகள் மின்னும் பிராட்வே தெருவைத்தான் யாரும் நினைப்பார்கள். நாங்கள் தேடி வந்த புளூபேர்ட் கஃபே என்ற சிறிய பாட்டரங்கம் அங்கே இல்லை. நகர மையத்துக்குத் தெற்கே, கிரீன் ஹில்ஸ் பகுதியில், ஹில்ஸ்பரோ பைக் சாலையோரக் கடைகளில் ஒன்றாக ஒடுங்கி நிற்கிறது. பிராட்வேயைத் தேடிப் போவது பலரும் செய்கிற முதல் தவறு. அங்கே பிறர் பாடிப் புகழ்பெற்ற பாடல்களை ஒலிபெருக்கி அதிர இசைப்பார்கள்; பேசலாம், ஆடலாம், எழுந்து போகலாம். இங்கே பாடலை எழுதியவரே பாடுவார். மற்ற தவறுகள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டை மறப்பதால் வருபவை.

விமான டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு அரங்க டிக்கெட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். உள்ளே ஏறத்தாழ 90 பேர்தான் உட்காரலாம். நிகழ்ச்சிக்குச் சுமார் ஒரு வாரத்துக்கு முன் இணையத்தில் விற்பனை திறக்கும். பல இரவுகளுக்கு நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும். கிடைக்கவில்லையா, திங்கள்கிழமை புதியவர்கள் பாடும் இரவுக்கு வரிசையில் நிற்கலாம். ஒருவருக்கு ஓரிரு பாடல்தான். சில கேட்கும்படி இருக்கும், சில இருக்காது. எனக்கு அந்தத் திங்கள்கிழமைகள் பிடிக்கும்.

பிரபலத்தை எதிர்பார்த்துப் போவது அடுத்த தவறு. அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் கார்த் புரூக்ஸ் பெயர் பெறுவதற்கு முன் பாடிய இடம் இது. டெய்லர் ஸ்விஃப்ட் பதின்வயதுச் சிறுமியாகப் பாடியபோது ஒரு இசைத்தட்டு நிறுவனத்துக்காரர் கண்டுகொண்டதும் இங்கேதான். ஆனால் நீங்கள் போகும் இரவில் நடுவில் அமர்ந்திருப்பவர் தொப்பி போட்ட, வயதான, யாரும் அறியாத ஒருவராக இருக்கலாம். அவர் இரண்டாவது பாடலைத் தொடங்கும்போதுதான், வானொலியில் வேறொருவர் குரலில் நூறு முறை கேட்ட பாட்டு அவர் எழுதியது என்று தெரியவரும்.

இவர்களின் பிழைப்பு எப்படி என்று தெரிந்தால் கேட்கும் காது மாறும். 2006 முதல் 2022 வரை ஒரு பாடலின் பிரதி ஒன்று விற்றால் எழுதியவர் தரப்புக்குச் சட்டப்படி வந்தது 9.1 சென்ட். வழக்கமான ஒப்பந்தத்தில் அதில் பாதி, பாடலின் உரிமையைக் கவனித்துக்கொள்ளும் பதிப்பாளருக்கு. இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் மிச்சத்திலும் பாதி. கைக்கு வருவது இரண்டேகால் சென்ட் அளவு. ஆறுதலாக இருப்பது வானொலி. அமெரிக்காவில் வழக்கமான வானொலி நிலையங்கள் பாடலை ஒலிபரப்பினால் பாடகருக்குப் பணம் கொடுப்பதில்லை. எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான் கொடுக்கின்றன.

இனி பேச்சு. ஏமி கர்லாண்ட் 1982இல் இதைத் தொடங்கியபோது சாப்பாட்டுக்கடையாக நடத்துவதே நோக்கம். பாட்டு அதை மெல்ல விழுங்கிவிட்டது. இன்று கடையின் அடையாளமே உதட்டில் விரல் வைத்துச் சொல்லும் அந்த "உஷ்". நம் சபாக்களில் "பலே" என்று சொல்லலாம், தொடையில் தாளம் போடலாம். தனி ஆவர்த்தனத்தின்போது கேன்டீனுக்குக் கிளம்புகிற மரபுகூட நமக்கு உண்டு. இங்கே இவை எதுவும் செல்லாது. அன்று அப்படித் தவறியவன் நானே. ஒருவர் பாட்டுக்கு முன் அதன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதைதானே, பாட்டு இன்னும் தொடங்கவில்லையே என்று நான் மைத்துனர் காதில் மொழிபெயர்க்கப் போனேன். அதே மேசையில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகுதான் கவனித்தேன்: மதுக்கூடத்தில் நின்ற இளைஞர் கரண்டி நிறையப் பனிக்கட்டியை அள்ளிக் கையில் பிடித்தபடியே நிற்கிறார். பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்த பிறகுதான் அதைக் கண்ணாடிக் குவளையில் போட்டார்.

இருக்கைக்காகச் சண்டை போடாதீர்கள். 1985 வாக்கில் டான் ஷ்லிட்ஸ், டாம் ஸ்கைலர் முதலிய சில பாடலாசிரியர்கள் மேடையை விட்டு இறங்கி, கூடத்தின் நடுவே ஒருவரையொருவர் பார்த்து வட்டமாக உட்கார்ந்து பாடினார்கள். அன்றிலிருந்து அதுவே இந்த இடத்தின் முத்திரை. எங்கே உட்கார்ந்தாலும் யாராவது ஒருவரின் முதுகு உங்கள் பக்கம் இருக்கும். என் முழங்காலுக்கும் ஒருவரின் கிட்டார் கழுத்துக்கும் ஒரு சாண் இடைவெளி. அவர் சுருதி மாற்றத் தந்திகளின் மேல் கவ்வியைப் பொருத்தும்போது வந்த கிளிக் ஓசை எனக்குக் கேட்டது. வட்டத்தில் இருக்கும் நால்வரில் ஒருவர் பாட மற்ற மூவரும் ஒத்திகை இல்லாமலே மெல்லச் சேர்ந்துகொள்வார்கள்.

அவர்கள் சேரலாம், நீங்கள் சேரக்கூடாது. வானொலியில் கேட்ட வேகத்தில் நீங்கள் பாடுவீர்கள். எழுதியவரோ அதைப் பாதி வேகத்தில், வேறொரு சோகத்தோடு பாடிக்கொண்டிருப்பார். "சேர்ந்து பாடுங்கள்" என்று அவரே கேட்டால் தாராளமாகப் பாடலாம். துண்டுச்சீட்டு எழுதி அனுப்பும் கச்சேரிப் பழக்கமும் வேண்டாம். இவர்கள் நம் சொல்லில் வாக்கேயகாரர்கள், அதாவது சொல்லையும் இசையையும் தாங்களே படைப்பவர்கள். தாங்கள் எழுதியதைத்தான் பாடுவார்கள். வேறொருவர் பாட்டைக் கேட்பது, தீட்சிதரிடம் போய்த் தியாகராஜர் கீர்த்தனை ஒன்று பாடுங்கள் என்று கேட்பதுபோல.

கைபேசியில் பதிவு செய்வதை மரியாதைக் குறைவு என்று மட்டும் நினைத்திருந்தேன். விஷயம் அதைவிடப் பெரியது. அங்கே பாடப்படும் சில பாடல்கள் இன்னும் யாராலும் ஒலிப்பதிவாகாதவை. அமெரிக்கச் சட்டப்படி ஒரு பாடலை முதன்முதலாக யார் பதிவு செய்து வெளியிடுவது என்று முடிவு செய்யும் உரிமை எழுதியவர் தரப்பிடம் இருக்கிறது. ஒருமுறை முறைப்படி வெளியாகிவிட்டால், அதற்குரிய தொகையைச் செலுத்திவிட்டு யார் வேண்டுமானாலும் பாடிப் பதிவு செய்யலாம். ஆகவே அந்த முதல் வெளியீடுதான் அவர் கையில் இருக்கும் சரக்கு. நேற்று எழுதிய பாட்டை நீங்கள் இன்றிரவு இணையத்தில் ஏற்றினால், பேரம் பேசப் போகுமுன் கடைக்கதவைத் திறந்துவிட்டதாகிவிடும்.

பண விஷயம் சுருக்கமாக: நுழைவுக் கட்டணம் தவிர, தலைக்கு இவ்வளவுக்காவது சாப்பிடவோ குடிக்கவோ வேண்டும் என்ற விதி உண்டு. டிப்ஸ் 20 சதவீதம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி தொடங்குமுன் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

முடிந்ததும் கூட்டம் வெளியே ஓடும், பெயர்ப்பலகையின் கீழ் படம் எடுக்க. நாங்களும் ஓடினோம். நான் படச்சட்டத்துக்குள் எழுத்தெல்லாம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கவாட்டில் ஒருவர் ஒரு கையில் கிட்டார் பெட்டியும் மறு கையில் கோட்டுமாகக் கார் டிக்கியைத் திறக்க முடியாமல் நின்றார். மைத்துனர் போய்த் திறந்துவிட்டார். திரும்பி வந்து, "நம் மேசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாரே, அவர்தான் மாப்பிள்ளை" என்றார்.