மூடாத சிமிழ்

அக்கா மகள் கல்யாணத்துக்குக் கையால் கடைந்த குங்குமச் சிமிழ் கொடுக்க ஆசை. வெட்பாலைக் கட்டை கிடைத்தது. கர்நாடகத்தின் சன்னபட்டணத்துப் பொம்மைகளுக்கும் இதே மரம்தான். வெளுப்பாக, இழை நெருக்கமாக இருக்கும், அரக்கு நன்றாகப் பிடிக்கும். கட்டையைச் சுழற்றும் லேத்தில் ஏற்றி, உள்ளே குடைந்து, மூடியையும் ஒரே நாளில் முடித்தேன். மூடினால் ‘டப்’ என்று சத்தம். பெருமை தாங்கவில்லை.

பத்து நாளில் மூடி ஏறவில்லை. வாயை அளந்தேன்: ஒரு பக்கம் 60 மி.மீ., குறுக்கே 58. ஈரம் காயாத பச்சை மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. ஆண்டு வளையத்தின் போக்கில்தான் அதிகம். வட்டம் முட்டையாகிவிட்டது. அவசரம் என்னுடையது, மரத்தைச் சொல்லி என்ன?

அடுத்த கட்டையில் சுவரை ஒரு செ.மீ. தடிமனாக விட்டு, கடைந்த மரச் சுருளோடு காகிதப் பையில் போட்டுவைத்தேன். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை. ஏழாவது வாரம் எடை இறங்குவது நின்றது, ஈரம் வற்றிவிட்டது என்று அர்த்தம். அப்புறம்தான் சுவரை 4 மி.மீ.க்கு இழைத்து, மூடியைப் பொருத்தினேன்.

அலங்காரம் சுலபம். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராயும் சூட்டிலேயே உருகி ஒட்டும். சிவப்பு, நடுவே மஞ்சள் கோடு. காய்ந்த தாழை ஓலையால் அழுத்தித் தேய்த்ததும் கண்ணாடி மாதிரி மினுங்கியது.

கல்யாணம் எப்போதோ முடிந்திருந்தது, வளைகாப்புக்குத்தான் கொடுத்தேன். இப்போது அதில் சேஃப்டி பின் போட்டு வைத்திருக்கிறாள்.