போதை மீட்பு ஆலோசகர் ஆகப் படிக்கப் போகிறீர்களா?

ஃபீஸ் கட்டுவதற்கு முன், உங்கள் ஊரில் நடக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்பவர்களின் குழு) திறந்த கூட்டம் ஒன்றுக்குப் போய் உட்காருங்கள். கட்டணம் கிடையாது, குடிப்பழக்கம் இல்லாதவர்களும் வரலாம். நோட்டு, பேனா, போன் எல்லாம் பைக்குள்ளேயே இருக்கட்டும். அங்கே கேட்டதை வெளியில் பேசவும் கூடாது. அறிவுரை எதுவும் சொல்லாமல் ஒரு மணி நேரம் காதை மட்டும் கொடுக்க முடிகிறதா? நாக்கு துறுதுறுத்தால், உங்களுக்குப் பயிற்சி வேண்டிய இடம் அதுதான்.

படிப்பு என்றால், எம்.எஸ்.டபிள்யூ.வில் (சமூகப்பணி முதுகலை) மருத்துவ, மனநலப் பிரிவு அல்லது எம்.எஸ்சி. உளவியல் நல்ல தொடக்கம். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' ஆக இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். மூன்று மாத டிப்ளமோவை வைத்து அது நடக்காது.

அப்புறம், முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியது ஒன்று. பல வருடம் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்துக் குழப்பம், பிதற்றல், கடும் நடுக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். "மனசு வைங்க, முடியும்" என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். முதலில் டாக்டர், கவுன்சலிங் பிறகு. போதை மீட்புக்கான 14446 என்ற தேசிய இலவச உதவி எண்ணையும் போனில் பதிந்து வையுங்கள்.