செட்டிநாட்டுக்கு முட்டுக்காடு வழியாகப் போங்கள்

கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் காரைக்குடிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் திருச்சியில் இறங்கி, அங்கேயே ஒரு காரைப் பிடித்துவிடுகிறார்கள். தொண்ணூறு கிலோமீட்டர்தான், சௌகரியம்தான். ஆனால் முதன்முறையாக ஊர் பார்க்கப் போகிறவர்கள் சென்னையில் இறங்குங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவில் அரை நாளைச் செலவிட்டுவிட்டுப் பிறகு தெற்கே போங்கள்.

அது வீடுகளின் அருங்காட்சியகம். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய நான்கு பகுதிகளின் பழைய வீடுகளை அவை நின்ற ஊரிலேயே பிரித்து, இங்கே கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். 1980களில் செட்டிநாட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு மரமும் கல்லுமாக விலைபோவதைக் கண்ட டெபோரா தியாகராஜனின் முயற்சி இது. 1984இல் அவர் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1996 டிசம்பரில் பத்து ஏக்கரில் தட்சிணசித்ரா திறக்கப்பட்டது. வளாகத்தை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். வீடுகளை எடுத்துக் கட்டும் பணியை முன்னின்று செய்தவர் கட்டடக் கலைஞர் பென்னி குரியாகோஸ்.

வீட்டை எப்படி லாரியில் ஏற்றுவது என்ற கேள்வி எனக்கும் இருந்தது. கோட்டயத்துக்கு அருகில் உள்ள புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டின் முன் நின்று பாருங்கள், பாதி விடை கிடைக்கும். சுவரே மரம். பழைய தச்சர்கள் ஒரு மரத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றொன்றின் துளையில் இறக்கி, மர ஆணியால் இறுக்கினார்கள். இறுக்கிய வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றினால் பிரித்துவிடலாம். முதலில் அளந்து வரைந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு உத்திரத்துக்கும் கைமரத்துக்கும் எண் இட வேண்டும். ஓட்டில் தொடங்கிக் கீழ்நோக்கி இறக்க வேண்டும். செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்த சுவர் அப்படி வராது. அதை உடைக்கத்தான் வேண்டும், புதிய இடத்தில் புதிதாகத்தான் எழுப்ப வேண்டும். ஆகவே இடம்பெயர்ந்த வீடு எதுவானாலும் தூண், நிலை, கதவு, கூரைமரம் இவையே பழையவை என்று வைத்துக்கொண்டு பாருங்கள்.

செட்டிநாட்டு வணிகர் வீட்டுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். திண்ணையில் உட்காரலாம், யாரும் விரட்டமாட்டார்கள். முகப்பு, வளவு, பட்டாலை, இரண்டாம் கட்டு என்று வீட்டின் பகுதிகளைக் குறிக்கும் சொற்களை இங்கேயே பழகிக்கொண்டால் ஊரில் உறவினர் பேசுவது புரியும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். மாமல்லபுரம் செல்லும் பஸ்ஸில் ஏறினால் வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம்.

அடுத்து காரைக்குடி. சென்னையிலிருந்து பிற்பகலில் புறப்படும் பல்லவன் எக்ஸ்பிரஸ் இரவில் கொண்டுபோய் விட்டுவிடும். மறுநாள் காலையில் அருகிலுள்ள கானாடுகாத்தான் ஊரின் தெருவில் நடந்தால்தான் முட்டுக்காட்டில் எது இல்லை என்பது தெரியும். ஒரு வீட்டின் முகப்பு ஒரு தெருவில். அதன் பின்கட்டின் கதவு அடுத்த தெருவில். முன்வாசலில் நின்றால் முற்றங்களைத் தாண்டிப் பின்வாசல் வெளிச்சம் தெரியும். அந்த நீளத்தை எந்த லாரியும் கொண்டுவர முடியாது. உள்ளே போய்ப் பார்க்க ஆத்தங்குடியின் பெரிய வீட்டுக்குப் போங்கள். சிறு கட்டணம் வாங்குகிறார்கள். அருகிலேயே கண்ணாடி மேல் சிமெண்டு ஊற்றிப் பூப்போட்ட தரைக்கல் வார்க்கும் பட்டறைகளும் இருக்கின்றன.

சொந்தப் பூர்வீக வீட்டைத் தேடி வருகிறவர்கள் புறப்படுமுன்பே பங்காளிகளுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். ஒரு வீட்டுக்குப் பல புள்ளிகள், அதாவது மணமான குடும்பங்கள், உரிமையாளர்களாக இருப்பார்கள். கல்யாணத்துக்கும் முன்னோரை வணங்கும் படைப்புக்கும்தான் திறப்பார்கள். சாவி ஒருவரிடம், அவர் கோயம்புத்தூரில் என்பது சாதாரணம். பூட்டிய கதவைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் எத்தனையோ பேர்.

இந்த வீடுகள் ஏன் இப்படி ஆயின என்று பிள்ளைகள் கேட்பார்கள். பர்மாத் தேக்கும் பர்மாப் பணமும் எழுப்பிய வீடுகள் இவை. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது செட்டியார்கள் அங்கே நடத்திய வட்டித்தொழில் முறிந்தது. பின்னால் அந்நாட்டு அரசு நிலங்களை எடுத்துக்கொண்டது. வருமானம் நின்றது, பங்காளிகள் பெருகினார்கள், ஓடு மாற்றவும் காசில்லை. பிரித்து விற்றால் தேக்குக்கு விலை உண்டு. விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படி விற்றவை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் சாய்ந்து நிற்கின்றன. கை வைக்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. பழையது போலத் தோன்றும் எதற்கும் அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்று வேண்டியிருக்கும். கடைக்காரர் எழுதித் தரும் ரசீது அதற்கு ஈடாகாது.

பட்டுத்தான் சொல்கிறேன். சின்னதாக ஓர் ஒற்றைக் கதவு வாங்கினேன். கீல் கிடையாது, மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் குடுமியில் சுழலும் கதவு. "எழுபது வருஷம்தான்" என்றார் விற்றவர். பெட்டிக்குள் அடங்கவில்லை என்று நான் பார்க்காத நேரத்தில் மேல் குடுமியை அறுத்துவிட்டார்கள். சரக்கு அனுப்பும் இடத்தில் சான்று கேட்டார்கள், என்னிடம் இல்லை. கதவு இப்போது சித்தப்பா வீட்டு மாடியில் சுவரோரம் நிற்கிறது. சித்தி அதன்மேல் துண்டு காயப்போடுகிறார். போகும்போதெல்லாம் அறுத்த இடத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவிவிட்டு வருகிறேன்.