சுறாப் பல் தேடி மூழ்குகிறீர்களா? கரையோரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டி வெனிஸ் என்றொரு ஊர் இருக்கிறது. சுறாப் பல்லுக்குப் பேர்போன ஊர். கரையிலிருந்தே நீந்திப் போய் 20, 30 அடி மூழ்கினால், பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சுறாக்களின் பற்கள் தரையில் கிடக்கும். சுறாவின் எலும்புக்கூடு வெறும் குருத்தெலும்பு, மக்கிவிடும். ஆனால் ஒவ்வொரு சுறாவும் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கிறது, அவை அழியாமல் நிலைத்துவிடுகின்றன. அதிர்ஷ்டம் இருந்தால், சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன மெகலடான் என்னும் ராட்சதச் சுறாவின் உள்ளங்கை அகலப் பல்கூடக் கிடைக்கும்.

இங்கே நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே நினைப்பிலிருந்துதான் முளைக்கின்றன: "முப்பது அடிதானே!"

கடலில் 33 அடி ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், நுரையீரலில் உள்ள காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். 99 அடியிலிருந்து 66 அடிக்கு வரும்போது அதே காற்று மூன்றில் ஒரு பங்குதான் கூடும். ஆக, விரிவு மிக வேகமாக நடப்பது மேற்பரப்பை ஒட்டிய இந்த ஆழத்தில்தான். நாலைந்து அடியிலிருந்து மூச்சைப் பிடித்தபடி எழுந்தால்கூட நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழி ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகலாம். மேலே வரும்போது மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், எந்த ஆழமானாலும்.

மூச்சை அடக்கக் கூடாது என்பது பயிற்சி எடுத்த எல்லோருக்கும் தெரியும். பின்னே ஏன் நடக்கிறது? காற்று தீர்ந்து பதறுவதால். ஆழம் குறைவு என்பதால் சிலிண்டர் நெடுநேரம் வரும், கண்ணோ தரையை விட்டு அகலாது. "இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று" என்று போய்க்கொண்டே இருப்போம். நான் கைக்கொண்ட பழக்கம் இது: பையில் ஒரு பல்லைப் போட்டால் உடனே சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் கேஜைப் பார்ப்பது, நிமிர்ந்து கூட வந்தவரைப் பார்ப்பது. பல் கிடைக்காத நாளில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை. கரைக்குத் திரும்பும் தூரத்துக்கும் காற்று மிச்சம் வேண்டும். அலை கிளம்பிய கடலில் அதில்லாமல் நீந்துவது பெரும்பாடு.

அடுத்தது கொடி. ஃப்ளோரிடா சட்டப்படி மூழ்குபவர், கீழே ஆள் இருப்பதைப் படகுகளுக்குக் காட்டும் டைவர் கொடி வைத்தே ஆக வேண்டும். மிதவையில் கட்டும் கொடி குறைந்தது 12 அங்குலத்துக்கு 12 அங்குலம். திறந்த கடலில் கொடியிலிருந்து 300 அடிக்குள், படகுக் கால்வாயிலும் முகத்துவாரத்திலும் 100 அடிக்குள் இருக்கப் பார்க்க வேண்டும். பலர் கொடியை ஓரிடத்தில் ஊன்றிவிட்டுப் பல்லின் பின்னால் போய், எங்கோ தலை தூக்குகிறார்கள். படகோட்டிக்கு அந்தத் தலை தெரியவே தெரியாது. கயிற்றுச் சுருளைக் கையில் பிடித்துக் கொடியைக் கூடவே இழுத்துப் போங்கள், மேலேறும்போது அந்தக் கயிற்றை ஒட்டியே ஏறுங்கள். உடம்போடு மட்டும் கட்ட வேண்டாம். படகில் சிக்கினால் உங்களையும் சேர்த்து இழுத்துவிடும்.

தேடுவதில் நடக்கும் தவறு உயிரை எடுக்காது, நாளை வீணாக்கும். வெள்ளை மணல் பரப்பில் துழாவிப் பயனில்லை. கருப்புச் சரளையும் எலும்புத் துண்டும் கலந்து கிடக்கும் திட்டைத் தேடுங்கள். நீரோட்டத்தை எதிர்த்து மெதுவாக நகர்ந்தால் கிளம்பும் கலங்கல் பின்னால் போய்விடும், முன்னால் தெளிவாக இருக்கும். தோண்ட வேண்டாம், கையை விசிறி போல ஆட்டினாலே மேல்மணல் விலகும். முழு முக்கோணமாகப் பல் கண்ணில் படுவது அபூர்வம். பெரும்பாலும் வேர்ப்பகுதி மட்டும் சொரசொரப்பான கல்லைப் போல நீட்டிக்கொண்டிருக்கும். மணலை ஊதிவிட்டாற்போல விலக்கினால், அதற்குக் கீழே புளியங்கொட்டை போல வழவழவென்று ஒரு கருப்பு விளிம்பு மின்னும். அந்த மினுமினுப்பைக் கண் ஒருமுறை பழகிவிட்டால் பிறகு தவறவிடாது. பொந்துக்குள் கையை நுழைக்காதீர்கள். மணலில் திருக்கை புதைந்திருக்கும், கரையோரம் காலைத் தேய்த்துத் தேய்த்தே நடங்கள்.

பை கனத்ததும் பிசிடியில் (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுச் சட்டை) காற்றை ஏற்றிச் சமாளிப்பார்கள். பை கை நழுவினால் அந்தக் காற்று ஆளைச் சரேலென மேலே தூக்கிவிடும். கனம் தெரிய ஆரம்பித்தால் வேண்டாததைக் கொட்டிவிடுங்கள்.

எதை எடுக்கலாம் என்பதிலும் குழப்பம் உண்டு. சுறாப் பல்லுக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. ஆனால் அங்கே நிறையக் கிடைக்கும் கடற்பசு விலா எலும்பு, மாமூத் பல் போன்ற முதுகெலும்பிகளின் புதைபடிவங்களை அரசு நிலத்திலிருந்து எடுக்க, ஃப்ளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அனுமதி வேண்டும். மனித எலும்பு போலத் தெரிந்தால் தொடவே கூடாது. வெனிஸுக்குத் தெற்கே மானசோட்டா கீ என்ற தீவின் கரைக்கு அப்பால், 2016இல், புதைபடிவம் தேடப் போன ஒரு டைவர் கண்ணில் பட்டது 7,000 ஆண்டுப் பழமையான பூர்வகுடிகளின் இடுகாடு. ஆழம் சுமார் 21 அடிதான். அன்று அது நிலத்தில் இருந்த நன்னீர்க் குளம், பிறகு கடல் ஏறி மூடிவிட்டது. அதைக் கலைப்பது குற்றம் மட்டுமல்ல, யாரோ தம் பிள்ளைகளையும் பெற்றோரையும் கிடத்திய இடம் அது. பார்த்தால் இடத்தைக் குறித்துக்கொண்டு அதிகாரிகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு தவறு காத்திருக்கிறது. பல்லில் ஒட்டிய கொட்டலசு (ஓடுள்ள சின்னக் கடலுயிரி) போகட்டும் என்று வினிகரிலோ பிளீச்சிலோ ஊறப்போடுகிறார்கள். வினிகர் கொட்டலசின் சுண்ணாம்பைக் கரைக்கும்போதே பல்லின் பளபளப்பையும் அரித்துவிடும். நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி உப்பை இறக்குங்கள். உப்பு உள்ளேயே காய்ந்தால் படிகமாகி வேரில் விரிசல் விடும். ஊறிய கொட்டலசு ஓடுகளை, பல் துலக்கும் பழைய பிரஷாலும் மரக்குச்சியாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்து, வெயில் படாமல் நிழலில் உலர்த்துங்கள்.